முதல் விருப்பம்

பத்து நாள் விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது என் சட்டைப் பையில் ஒரு படிவம் இருந்தது. முன்பக்கத்தில் மூன்று கோடுகள்: முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம். பின்பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: ஏதாவது நேர்ந்தால் யாருக்குத் தந்தி கொடுக்க வேண்டும்? படிவம் கைக்கு வந்த அன்றே பின்பக்கத்தை நிரப்பிவிட்டேன். முன்பக்கம்தான் காலியாகக் கிடந்தது.

எனக்குப் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் யாரும் என்னைக் கேலி செய்து ஒன்றும் ஆகப்போவதில்லை. சண்டை நடந்த அந்த வருஷங்களில் விமானப் படையில் சேர்ந்தவர்கள் எல்லாரும் வீரர்கள் என்று இப்போது பிள்ளைகள் நினைக்கிறார்கள். நான் சேர்ந்தது இன்டர்மீடியட் பாஸ் செய்துவிட்டு ஒன்றரை வருஷம் வேலை கிடைக்காமல் அலைந்ததால். அப்பா கோயில் ஆபீசில் குமாஸ்தா. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவர் என்னைப் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாமல் விண்ணப்பம் போட்டேன். தேர்ந்தெடுப்பார்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. தேர்ந்தெடுத்துத் தொலைத்துவிட்டார்கள்.

வடக்கே வெகு தூரத்தில் பயிற்சி. முதலில் இரட்டை இறக்கை வைத்த சின்ன விமானம், பிறகு உறுமுகிற பெரியது. எங்கள் குழுவில் இருபத்திரண்டு பேர். பயிற்சி முடிந்ததும் எந்த விமானத்துக்கு யார் போவது என்பதுதான் எங்கள் உலகமே. மூன்று வகை இருந்தன. ஒன்று, ஒருவன் மட்டும் உட்காரும் சண்டை விமானம். அதை நாங்கள் ஒத்தை சீட்டு என்போம். இரண்டாவது, முன்னால் ஓட்டுகிறவனும் பின்னால் துப்பாக்கிக்காரனுமாகப் போய்க் குண்டு போடுவது. மூன்றாவது, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அதிகாரிகளையும் தபால் பைகளையும் ஏற்றிப் போவது. தபால் விமானம் என்று சொல்லும்போதே பையன்கள் மூக்கைச் சுளிப்பார்கள்.

ஒத்தை சீட்டில் ஆறு இடம். குண்டு விமானத்தில் பன்னிரண்டு. தபாலில் மூன்று. மார்க் வரிசைப்படி ஒவ்வொருவனுடைய விருப்பத்தையும் பார்ப்பார்கள். இடம் இருந்தால் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் அடுத்த விருப்பம். வெள்ளிக்கிழமைதோறும் பலகையில் வரிசை ஒட்டப்படும். அதைப் பார்க்க நாங்கள் ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, பந்திக்குக்கூட யாரும் அப்படி ஓடியதில்லை. திசைகாட்டிப் பாடத்தின் குறிப்புகளை ஒருவன் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டான், மற்றவன் படிக்கக் கூடாதென்று. இன்னொருவன் வாத்தியாருக்குப் பிடிக்குமென்று பூனைக்குட்டி வளர்த்தான். மேகத்துக்குள் பறப்பதைத் தரையிலேயே பழகிக்கொள்ள ஒரு மரப்பெட்டி உண்டு. மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தே ஓட்ட வேண்டும். அதில் அரைமணி கூடுதலாகக் கிடைக்க விடியுமுன் போய் வரிசையில் நிற்பவர்கள் இருந்தார்கள். நானும் நின்றேன்.

எனக்கு மார்க் நன்றாகவே வந்தது. காரணம் திறமை இல்லை. பயந்தவன் எதையும் மூன்று தடவை பார்ப்பான். பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, வார் இறுகியிருக்கிறதா என்று நான் பார்த்த பார்வையை வாத்தியார் ஒழுங்கு என்று எழுதிக்கொண்டார். மேலே போனதும் எனக்கு உள்ளங்கால் வேர்க்கும். முன் இருக்கையில் வாத்தியாரின் தலை தெரிகிற வரைக்கும் ஒருமாதிரி சமாளிப்பேன். தனியாக அனுப்பினால் அந்தக் காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டே பறப்பேன். இறங்கியதும் கூடாரத்தின் பின்னால் போய் வாந்தி எடுப்பேன். ஒத்தை சீட்டில் அந்தக் காலி இருக்கைகூடக் கிடையாது.

இருபத்திரண்டு பேர் ஒரு நாள் இருபத்தொரு பேர் ஆனோம். எங்களில் ஒரு பஞ்சாபிப் பையன் சுழலில் மாட்டி, விமானம் சுற்றிச் சுற்றி வந்து வயலில் விழுந்து எரிந்தது. அவன் பெட்டியை அடுக்கி வீட்டுக்கு அனுப்பும் வேலையை எனக்கும் ராஜபாளையத்தானுக்கும் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்கள் எங்களுடையவை என்பதால்.

ராஜபாளையத்தான் என்று நான் சொல்வது அந்தக் குழுவில் என்னைத் தவிர இருந்த ஒரே தெற்கத்திக்காரனை. வீட்டில் தெலுங்கு, வெளியில் நம் தமிழ்; அப்பாவை மட்டும் எங்கேயும் நாயனா என்றுதான் சொல்வான். ஏழு மைல் தள்ளிப் பிறந்த எங்கள் இருவரையும் ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளிக்கொண்டுபோய்ப் போட்டி போட விட்டார்கள். கடைசி வெள்ளிக்கிழமை வரிசையில் நான் ஆறாவது, அவன் ஏழாவது. எங்களுக்கு மேலே இருந்த ஐந்து பேரும் ஒத்தை சீட்டைத் தவிர வேறு எதையும் கனவில்கூட நினைக்காதவர்கள். ஆக மிச்சம் இருந்தது ஒரே இடம். நான் கேட்டால் எனக்கு, கேட்காவிட்டால் அவனுக்கு. விடுமுறை முடிந்து போனதும் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதற்கு மறுநாள் கடைசிச் சோதனை, அணிவகுத்துப் பறப்பது. அந்த மார்க்கும் சேர்ந்ததும் வரிசை முடிவாகிவிடும்.

அணிவகுப்புச் சோதனைக்காக ஊரில் நாங்கள் சைக்கிளில் பழகினோம். சிரிக்க வேண்டாம், அது நல்ல வழிதான். முன்னால் ஒருவன் போவான். பின்னால் வருபவன் அவனுக்குப் பக்கவாட்டில், ஒரு கை நீளம் விலகி, முன்னவனின் சைக்கிளை மட்டுமே பார்த்துக்கொண்டு வர வேண்டும். சாலையைப் பார்க்கக் கூடாது. முன்னவன் திரும்பினால் திரும்ப வேண்டும், வேகம் குறைத்தால் குறைக்க வேண்டும். மேலேயும் அப்படித்தான். தலைவனின் இறக்கையை விட்டுக் கண்ணை எடுத்தால் மோதல்தான். இருவருக்குமான சாலையைப் பார்ப்பது முன்னால் போகிறவனின் பொறுப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், வலப்பக்கம் மலையை வைத்துக்கொண்டு, காலை வேளையில் போவோம் வருவோம். வேலைக்குப் போகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள். ஒரு கிழவி, "ஏட்டி, இவிய ரெண்டு பேருக்கும் என்ன கேடு" என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். புளியமரத் திருப்பத்தில் பஞ்சுப்பொதி ஏற்றிய வண்டி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. கையைத் தூக்கிச் சைகை காட்ட வேண்டும். நான் காட்டவில்லை. உடம்பு விறைத்துப்போய்ப் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். அவன் கண் என் சக்கரத்தில் இருந்தது. என்னைத் தப்பிக்க ஒடித்துத் திருப்பி, வண்டிச் சக்கரத்தில் உரசி, ஓடை முள்ளுக்குள் போய் விழுந்தான்.

ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்காலுக்குக் கீழே தோல் வழன்று ரத்தம் ஓடியது.

"ரத்தம் வருதுலே."

"வரட்டும். ஒடிஞ்சிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்" என்றான்.

"என்னலே பேசுத?"

"கால் ஒடிஞ்சவன ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டாவல்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் முகம் அப்படி இல்லை. புளியமரத்தின் அடியில் உட்கார வைத்தேன். வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக் காலைக் கட்டினேன். அவன் மலையைப் பார்த்தபடி பேசினான்.

"அந்தப் பஞ்சாபிக்காரன் பொட்டிய நாமதான அடுக்கினோம். சீப்புல முடி சிக்கிருந்துச்சு. அத அப்படியே வைக்கவா, எடுத்துப் போடவான்னு உங்கிட்டக் கேட்டேன். நெனவிருக்கா? அன்னைலருந்து நான் சரியாத் தூங்கலலே. எனக்கு ஒத்தை சீட்டு வேண்டாம். ஆனா அத நான் வாயால சொல்ல முடியாது."

"ஏன்?"

"எங்க நாயனாவ ஒனக்குத் தெரியாது. ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. நீ எனக்கு மேல இருக்க. நீ அத எழுதிட்டன்னா எடம் முடிஞ்சிருது. நான் கேட்டேன், கெடைக்கலன்னு போயிரும். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. நீ எழுதுவேல்ல?"

'எனக்கும்தான் பயமா இருக்கு' என்பது தொண்டை வரைக்கும் வந்தது. இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இருவரும் சேர்ந்து ஏதாவது ஒரு வழி யோசித்திருப்போம். ஆனால் ஆறு மாதமாக அவனுக்கு முன்னால் தைரியசாலி வேஷம் போட்டவன் நான். வாந்தி எடுத்த வாயைக் கழுவிவிட்டு வந்து அவனுக்கு யோசனை சொன்னவன். பயத்தை வாய்விட்டுச் சொன்னால் அது அங்கேயே என்னை முழுதாகப் பிடித்துக்கொள்ளும் என்று தோன்றியது. "எல்லாம் சரியாப் போயிரும்லே, எந்தி" என்று சைக்கிளை நிமிர்த்தினேன்.

அவனை வீட்டில் விடப் போனேன். பெரிய முற்றம் வைத்த வீடு. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் உறவுக்காரர்கள். அவனுடைய அப்பா மாந்தோப்புக்காரர், நல்ல உயரம், மீசை முழுக்க நரை. மகன் காலைப் பார்த்து, "இந்தக் காயத்துக்கா நொண்டுத?" என்று சிரித்தார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மகனுடைய படிவம் நடுவில் ஒரு பலகை மேல், பேனாவோடு, ஏற்கெனவே தயாராக இருந்தது.

"ராயிரா" என்றார். எழுதுடா என்று தெலுங்கில்.

அவன் குனிந்து முதல் கோட்டில் எழுதினான். எழுத்து கோடு பிசகாமல் விழுந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினார். ஒரு சித்தப்பா முறைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். படிவம் முற்றத்தைச் சுற்றி வந்தது. அவன் இரண்டாம் கோட்டில் தபால் விமானத்தை எழுதியபோது, "அது என்னது?" என்று கேட்டார்.

"அது சும்மா, நாயனா. ரெண்டாவது கோட்டக் காலியா விடக் கூடாதுங்காவ."

அவர் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீயும் இதத்தான எழுதப் போற, தம்பி?"

"ஆமாய்யா" என்றேன். அங்கே வேறு என்ன சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்தால் அம்மா தன் பங்குக்கு ஒன்று ஆரம்பித்திருந்தாள். எங்கள் வீட்டில் எந்தப் பெரிய விஷயத்தையும் பூப் போட்டுக் கேட்காமல் முடிவு செய்வதில்லை. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் வாழை இலைத் துண்டில் கட்டி, கோயில் தாயார் படத்தின் முன்னால் வைத்து, இது வந்தால் இப்படி, அது வந்தால் அப்படி என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வது. கேள்வி தெரியாத ஒரு கை ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். அக்காவுக்கு வந்த வரன் எல்லாவிதத்திலும் பொருந்தியது, அரசாங்க உத்தியோகம் வேறு. பூ வேண்டாம் என்றது. மறுநாளே எங்கள் வீட்டிலிருந்து ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவே முணுமுணுக்கவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் அந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. ராஜபாளையத்தானுக்கும் தெரியும்.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது காலையில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா குளித்து, ஈரத் தலையோடு பொட்டலங்களைக் கட்டி வைத்திருந்தாள். முந்தின நாள் என்னிடம் எத்தனை வகை ஏரோப்ளேன், எதில் எத்தனை பேர் என்றெல்லாம் துருவிக் கேட்டிருந்தாள். நான் சொல்லியிருந்தேன்.

"தம்பி, நீ வெளி ஆளு. கேள்வி என்னன்னு ஒனக்குத் தெரியாது. கண்ண மூடிட்டு ஒண்ண எடு" என்றாள் அவனிடம்.

அவன் காலைக் கழுவிக்கொண்டு வந்து, கும்பிட்டு, இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தான். அம்மா பிரித்தாள். நந்தியாவட்டை, வெள்ளை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா கேட்டிய?" என்றான் அவன்.

"செவப்பு வந்தா தபால் கொண்டு போறது. வெள்ள வந்தா ஒத்தையில போறது" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டே சொன்னாள். "செவப்புதான் வரும்னு இருந்தேன். சரி, அவ சொல்லிட்டா. இனி நாம என்ன பண்ண? நீ அதத்தான் எழுதணும்யா. மாத்துனா ஆகாது."

நான் சரி என்றேன். ராஜபாளையத்தானைப் பார்த்தேன். என் அம்மா அழுதுகொண்டிருக்கும்போது சிரிக்கக் கூடாது என்று அவன் முகத்தை இறுக்கி வைத்திருந்தான். ஆனால் தோள்கள் இறங்கியிருந்தன. ஊருக்கு வந்ததிலிருந்து எதையும் கொறித்துவிட்டு எழுந்துவிடுகிறவன், அன்று எங்கள் வீட்டில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அம்மா அழுத கண்ணோடு அவனுக்குப் பரிமாறினாள்.

சைக்கிளை எடுக்கும்போது கேட்டான். "அப்ப ஒத்தை சீட்டுத்தான?"

"பூ சொல்லிட்டுச்சுல்ல" என்றேன்.

நான் பொய் சொன்னேனா என்று இன்று வரைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்த நிமிஷத்தில் எழுதிவிடுவதாகத்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவனுக்கு அதற்குமேல் எந்த உறுதியும் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் பூ வந்ததை மீறுவான் என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நான் சத்தியம் செய்திருந்தால்கூட அவன் சந்தேகப்பட்டிருப்பான். பூவைச் சந்தேகப்படவில்லை.

திரும்பிப் போகிற ரயிலில் மேல் பலகையில் படுத்தவன் பட்டணம் வரைக்கும் தூங்கினான். பட்டணத்தில் ரயில் மாறி மறுபடியும் தூங்கினான். அவ்வளவு நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினான் போல. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை ஏதோ ஒரு பெரிய ஆற்றுப் பாலத்தின் மேல் ரயில் மெதுவாகப் போனது. கீழே பார்த்தேன், தலை சுற்றியது. இவ்வளவு உயரத்துக்கே இப்படி. படிவத்தை எடுத்து மடியில் பெட்டியை வைத்து, முதல் கோட்டில் தபால் விமானம் என்று எழுதினேன். ரயிலின் ஆட்டத்தில் எழுத்து கோணல்மாணலாக வந்தது. உறையில் போட்டு ஒட்டினேன். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. தாயார் கோபித்துக்கொள்வாள் என்ற பயமும் வந்தது. இரண்டு பயத்தில் எது பெரியது என்று பார்த்தேன், அவ்வளவுதான். அவன் முகம் நினைவுக்கு வரவில்லை. அதுதான் இப்போது என்னை வதைப்பது. தலைக்கு மேலே ஒரு முழத்தில் தூங்கிக்கொண்டிருந்தவனை நான் அப்போது நினைக்கவே இல்லை.

விழித்ததும், "எழுதிட்டியா?" என்று கேட்டான். "எழுதிட்டேன்" என்றேன்.

போய்ச் சேர்ந்ததும் படிவங்களைக் கொடுத்தோம். மறுநாள் அணிவகுப்புச் சோதனை. மூன்று மூன்று விமானமாகப் போனோம். வாத்தியார் நடுவில், நான் வலது, அவன் இடது. அவன் மிக நன்றாகப் பறக்கக்கூடியவன், என்னைவிடவும். அன்று வாத்தியாருக்கு அந்தப் பக்கம் அவன் விமானம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. பிறகு உள்ளே வந்தது. மறுபடியும் விலகியது. கை தவறுகிறவன் அப்படி விலக மாட்டான், உதறிக்கொண்டு போவான். இது அளந்து விலகியது. எனக்குக் கீழேயே இருக்க வேண்டும் என்பதற்காக மார்க்கை விடுகிறான் என்று புரிந்தது. அதிகமாகவும் விடவில்லை. பலகையில் கடைசிக்குப் போனால் அப்பாவிடம் என்ன சொல்வது? ஏழாவதாக நிற்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் விட்டான்.

இறங்கியதும் வாந்தி எடுத்தேன். அதன்பிறகு ஆபீஸ் வாசலுக்குப் போனேன். படிவங்கள் அங்கே மேஜை மேல் இருக்கும். ஒன்றைத் திருத்த வேண்டும் என்று கேட்டால் கொடுப்பார்கள். முந்தின குழுவில் ஒருவன் கேட்டு வாங்கியிருக்கிறான். படியில் ஒரு காலை வைத்தேன். உள்ளே டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கோட்டில் வேறு ஒன்றை எழுதினால் அடுத்த வாரம் நான் தனியாக ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். படியிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் பலகையில் ஒட்டினார்கள். பெயர், இடம், கேட்டது, கிடைத்தது. என் பெயருக்கு நேரே தபால் விமானம் இரண்டு தடவை எழுதியிருந்தது. பையன்களில் ஒருவன் சீட்டியடித்தான். அதற்குக் கீழே ஏழாவது பெயருக்கு நேரே ஒத்தை சீட்டு, அதுவும் இரண்டு தடவை. அவனை முதுகில் தட்டிக் கைகுலுக்கினார்கள். அவன் எல்லாருக்கும் கை கொடுத்தான். கூட்டம் கலைந்த பிறகும் பலகைக்கு முன்னாலேயே நின்றான். நானும் போக முடியாமல் நின்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லே" என்றான். கோபமே இல்லை. "சொல்லிருந்தா இன்னும் கொஞ்சம் வெலகி, எட்டாவதா நின்னுருப்பேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் போனான். பிறகு ஐந்து நாள் அதே பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தான். பெட்டி கட்டும்போது என்னுடைய கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுத்தான். தூங்கினானா என்று தெரியாது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.

அம்மாவுக்கு, அதிகாரிகளே மாற்றிவிட்டார்கள் என்று எழுதினேன். தாயார் மனம் இரங்கிவிட்டாள் என்று அவள் பாயசம் வைத்துக் கும்பிட்டதாக அப்பா பதில் எழுதினார்.

ஏழு மாதம் தபால் ஏற்றினேன். பயம் போகவில்லை. ஆனால் பக்கத்தில் யாராவது ஒரு அதிகாரி குறட்டை விட்டுக்கொண்டு வருவார், அது ஒரு துணை. அவன் பர்மா எல்லைப் பக்கம் இருந்தான். நான் கொண்டுபோன பைகளில் அவன் கடிதங்களும் இருந்திருக்கும். ஒரு பையையும் நான் தூக்கிப் பார்த்ததில்லை, அது ஆட்களின் வேலை. பிறகு ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் பழைய குழுவைச் சேர்ந்த ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்து சொன்னான். மலை மேல் மேகத்துக்குள் போன நாலு விமானத்தில் மூன்றுதான் வெளியே வந்தன என்று. நாலாவது யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்து இரண்டு நாள் வீட்டை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அம்மா, "ராஜபாளையத்துக்குப் போயி ஒரு எட்டுத் துக்கம் கேட்டுட்டு வந்துரு, அதான் மொற" என்று அனுப்பினாள். பெட்ரோல் கிடைக்காத காலம், கரிப்புகையில் ஓடுகிற பஸ். மேட்டில் மூச்சுவாங்கி நின்று நின்று போனது. அது அப்படியே நின்றுபோய்விட்டால் நல்லது என்று ஒவ்வொரு மேட்டிலும் நினைத்தேன். அவனுடைய அப்பாவுக்கு விஷயம் தெரியும் என்று எனக்கு நிச்சயம். பலகையைப் பார்த்தவர்கள் இருபது பேர். அவன் எழுதாமலா இருந்திருப்பான்? அவர் என்னை என்ன கேட்பார், முற்றத்தில் எத்தனை பேருக்கு முன்னால் கேட்பார் என்பதையே நினைத்துக்கொண்டு போனேன்.

முற்றத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்தார். என் அப்பாவைவிட மூத்தவர். நேராக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எல்லாரையும் பார்த்து, "இந்தப் பிள்ளதான்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்தார், மகன் கடைசியாக எழுதியது. மடித்து மடித்து அதன் மடிப்புகள் நைந்திருந்தன. தெலுங்கில் இருந்ததை எனக்காகத் தமிழில் வாசித்தார். "ஆறாவது இடத்துல இருந்தவன் அவன். கேட்டுருந்தா அவனுக்குத்தான் கெடைச்சிருக்கும். எனக்கு இந்த ஏரோப்ளேன் மேல எம்புட்டு ஆசன்னு அவனுக்குத் தெரியும். அதனால எனக்காக விட்டுக் குடுத்துட்டான். அவன் ஊருக்கு வந்தா நம்ம வீட்டுல சாப்புடாம அனுப்பாதிய."

வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "அவன் ஆசப்பட்டது அவனுக்குக் கெடச்சுது, ஒன்னால. அது போதும் எனக்கு." கடிதத்தை மடித்துவிட்டு என் பக்கம் குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார். "நீ கூடவே இருந்தவன். நெசத்தச் சொல்லு. அவனுக்குப் பயம் இருந்துச்சா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். புளியமரத்தடியில் அவனே வாயால் சொன்னது. அதை அவரிடம் கொடுக்க முடியாது. மற்ற பாதியையாவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"அவனுக்கு இல்லய்யா" என்றேன். "எனக்குத்தான் பயம். பயந்துதான் நான் அத எழுதல. விட்டுக் குடுக்கவெல்லாம் இல்ல."

இதற்கு முன் என் வாழ்க்கையில் அதை வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அவர் என்னையே பார்த்தார். பிறகு தன் மேல்துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"நீ இப்பிடித்தான் சொல்லுவேன்னும் அவன் எழுதிருக்கான், தம்பி" என்றார். உள்ளே திரும்பி, இலை போடச் சொன்னார்.